கரிசல் ஊர்களின் கிராமக் கணக்கு: ஒரே படிவம் நிலைபெற்ற வரலாறு

அரசு உழவரிடமிருந்து நேரடியாகத் தீர்வை பெறும் ரயத்துவாரி முறை சென்னை மாகாணத்தில் வேரூன்றியபின், எந்த நிலத்தில் யார் என்ன பயிரிட்டார் என்பதை ஊர்தோறும் ஊர்க் கணக்கரான கர்ணம் ஏட்டில் எழுதிவைக்கவும், அவ்வேடுகள் எல்லாவற்றையும் வட்டத்திலும் மாவட்டத்திலும் ஒன்றாகக் கூட்டிப் பார்க்கவும் வேண்டிய தேவை எழுந்தது. ஏடுகள் நூற்றுக்கணக்கான ஊர்களில் சிதறிக் கிடந்தாலும் அவற்றில் விவரம் நிரப்பும் கலங்கள் ஒன்றாக இருந்தால்தான் கூட்டல் பொருள்படும் என்பதால், அக்கலங்களை வரையறுக்கும் உரிமை ஊரிடம் விடப்படாமல் சென்னை வருவாய் வாரியத்தின் நிலையாணைகளிடம் இருந்தது. பல கணினிகளில் பிரித்து வைக்கப்படும் இன்றைய பரவல் தரவுத்தளங்களில் இத்தகைய கல வரையறை ஸ்கீமா என்றும், ஒவ்வொரு கணினியும் கணு என்றும் வழங்கப்படுகின்றன.

கரிசல் மண் கொண்ட கோவில்பட்டி வட்டாரத்தின் அடங்கலை, அதாவது புல எண் வாரியாகச் சாகுபடியைக் காட்டும் 2 ஆம் எண் கணக்கை, விரித்துப் பார்த்தால் இவ்வேற்பாட்டின் வலிமையும் சுமையும் ஒருங்கே தெரியும். பாசன ஆதாரம், இரண்டாம் போகம் ஆகியவற்றுக்கான கலங்கள் தாமிரபரணிப் பாய்ச்சலுள்ள ஸ்ரீவைகுண்டம் பக்கத்து நஞ்சை ஊர்களில் நிரம்பி வழிய, ஐப்பசி மழையை நம்பிய மானாவாரிக் கரிசலில் அவை பெரும்பாலும் வெறுமையாகவே கிடந்தன. ஆனால் கருங்கண்ணிப் பருத்தியோடு உளுந்தும் பாசிப்பயறும் ஊடுபயிராக விதைக்கப்பட்ட ஒரே புலத்தின் பரப்பைப் பயிர்களுக்கிடையே பகிர்ந்து எழுதும் வேலை கரிசல் கர்ணத்துக்கே மிகுதியாக வாய்த்தது. வெறுங்கலங்களை நீக்கிக்கொள்ள எந்த ஊருக்கும் அனுமதி இல்லாதது கடுமையாகத் தோன்றினாலும் அது சரியான முடிவே.

படிகளை ஒத்திசைக்கும் வழியும் திட்டமாக இருந்தது. நிலங்களின் நிலையான விவரம் கொண்ட 'அ' பதிவேட்டின் ஒரு படி ஊரிலும் மற்றொன்று வட்ட அலுவலகத்திலும் இருக்க, ஜூலை 1 அன்று தொடங்கும் பசலி ஆண்டு முடிவதற்குள் நடக்கும் ஜமாபந்தியில், அதாவது வருவாய்த் தீர்வாயத்தில், ஊர்க் கணக்குகள் தணிக்கைக்கு வந்து சரிபார்க்கப்பட்டன. கணினிகளோ ஆண்டுக்கொரு முறை வரை காத்திருக்க இயலாதவை. கஸாண்ட்ரா என்னும் தரவுத்தளத்தில் ஒவ்வொரு கணுவும் ஸ்கீமாவின் முழுப் படியை வைத்துக்கொண்டு, தன் பதிப்பு எது என்பதை மற்றக் கணுக்களோடு ஓயாமல் பரிமாறிக்கொள்கிறது. கூகுள் பொறியாளர்கள் 2013 இல் விளக்கிய எஃப்1 முறையில், ஒரே நேரத்தில் அடுத்தடுத்த இரண்டு பதிப்புகளுக்கு மேல் புழங்கலாகாது என்னும் விதியின்கீழ், மாற்றம் இடைநிலைகள் வழியாகப் படிப்படியாக நுழைக்கப்படுகிறது.

கரிசலில் அத்தகைய படிப்படியான மாற்றத்துக்கு இடம் இருக்கவில்லை. எட்டயபுரம் ஜமீனுக்கு உட்பட்டிருந்த ஊர்கள் ரயத்துவாரிப் படிவத்துக்கு வெளியே நெடுங்காலம் நின்றன. 1948 ஆம் ஆண்டின் 26 ஆவது சட்டம் ஜமீன்களை ஒழித்தபின்னரே நில அளவையும் தீர்வை நிர்ணயமும் நடந்து அவை பொதுப் படிவத்துக்குள் வந்தன. அடுத்த பெருமாற்றம் 1979 இல் தொடங்கிய நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம். மக்கள் வழக்கில் யூடிஆர். ஏக்கரும் சென்ட்டும் ஹெக்டேரும் ஏரும் ஆனதால் 2 ஏக்கர் 47 சென்ட் புஞ்சை ஏறத்தாழ 1 ஹெக்டேர் என்று எழுதப்பட்டது; உட்பிரிவு எண்களும் பல இடங்களில் புதிதாயின. திட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, 1980 நவம்பர் 14 அன்று அவசரச் சட்டத்தால் கர்ணம் பதவி ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர் முறை வந்தது. அப்பதவி ஒழிந்தது நியாயமானதே. ஆயினும் படிவம் மாறும் வேளையிலேயே பழைய படிவத்தை எழுதிப் பழகிய கைகளும் விலகியது பதிவேடுகளுக்குப் பேரிழப்பு. பெயரும் பரப்பும் பிறழ்ந்த பட்டாக்களைத் திருத்தக் கோரி உழவர்கள் இன்றும் அலுவலகப் படியேறுகிறார்கள்.

பழைய புல எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் உள்ள உறவை நிறுவும் சான்று யூடிஆருக்கு முந்தைய தாள் பதிவேடுகளிலேயே இருக்கிறது. பட்டாவும் சிட்டாவும் இணையத்தில் கிடைக்கத் தொடங்கிவிட்டதால் இவை தேவையற்றவை ஆகிவிடவில்லை. கரையானுக்கும் ஈரத்துக்கும் இரையாகும் முன் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டங்களின் பழைய பதிவேடுகளை அரசு முழுமையாகப் படமெடுத்துக் காக்க வேண்டும்.