பிரஸ் ஷாப்பும் ராயக்கோட்டைச் சாலையும்

உத்தனப்பள்ளியில் ஷிப்ட் மாறும் வேளையில் நின்றால் இரண்டு ஆபத்துகள் உரசிக்கொண்டு போவது தெரியும். ஒன்று ஓசூர்–ராயக்கோட்டைச் சாலையில் ஓடுகிறது: கம்பெனி பஸ், தக்காளி வேன், கேஏ எண் லாரி, இவற்றுக்கு நடுவே புகும் பைக். மற்றது பட்டறைச் சுவருக்குள், பிரஸ் எந்திரத்தின் அடியில் காத்திருக்கிறது. சாலையில் அடிபட்டவருக்குத் தீர்ப்பாயத்தில் எம்.சி.ஓ.பி. என்னும் மோட்டார் விபத்து இழப்பீட்டு மனு போடுகிறார்கள். பட்டறையில் அடிபட்டவர், இ.எஸ்.ஐ.க்குள் இல்லாதவரானால், தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடம் போகிறார். இரண்டு வழக்கையும் சொந்த ஊரிலேயே தொடுக்கலாம் என்பதால், ஒடிசாவிலிருந்து வந்தவர் வாய்தாவுக்காக இங்கேயே கிடக்க வேண்டியதில்லை. ஒற்றுமை இத்தோடு முடிந்துவிட்டதுபோல் தோன்றும்.

ஏனெனில் கேட்கப்படும் கேள்வியே வேறு. சாலை வழக்கு ‘யார் மேல் தப்பு?’ என்று தொடங்குகிறது. பட்டறை வழக்கு ‘வேலையில் நடந்ததா?’ என்பதோடு நின்றுகொள்கிறது. எதிர்வாதங்களும் அதற்கேற்பவே அமைகின்றன. சாலையில் இன்சூரன்ஸ் தரப்பு, ‘இவரும் கவனமாக ஓட்டவில்லை’ என்கிறது. ஒப்புக்கொள்ளப்பட்டால் தொகையில் இத்தனை சதவீதம் வெட்டு. ஆனால் குறை இருந்தால் மட்டும் போதாது, விபத்துக்கு அது காரணமாகவும் இருக்க வேண்டும். பைக்கில் மூன்று பேர் போனதாலேயே தப்பு அவர்களுடையது ஆகிவிடாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

பட்டறையில் முதலாளிக்கு எஞ்சியிருப்பவை மூன்றே எதிர்வாதங்கள்: குடிபோதை, பாதுகாப்பு உத்தரவை வேண்டுமென்றே மீறியது, காப்புக் கருவியான கார்டை வேண்டுமென்றே கழற்றியது. மூன்றாவதுதான் பிரஸ் ஷாப்பில் அடிக்கடி எழக்கூடியது. கார்டைக் கழற்றினால் கை வேகமாகப் போகும், எண்ணிக்கை ஏறும். கழற்றியவர் தொழிலாளியா, எண்ணிக்கை கேட்ட சூப்பர்வைசரா என்பதில்தான் வழக்கே இருக்கிறது. இதில் ஒரு விசித்திரமும் உண்டு. சாவோ நிரந்தர முழு ஊனமோ நேர்ந்தால் இந்த மூன்று வாதங்களும் உதிர்ந்துவிடும். ஆக, கார்டைக் கழற்றி விரலை இழந்தவர் வெறுங்கையோடு திரும்பலாம். அதே காரியத்தைச் செய்து உயிரை இழந்தவரின் குடும்பத்துக்கு முழுத்தொகை. தர்க்கத்துக்கு இது இடிக்கிறது, மனசுக்கு இடிக்கவில்லை.

தப்பைக் கேட்காததற்குப் பட்டறைச் சட்டம் ஒரு விலையும் வைத்திருக்கிறது. மாதம் 15,000 ரூபாய் வாங்கும் 30 வயதுக்காரர், மனைவியும் இரண்டு குழந்தைகளும் உள்ளவர், இறந்துவிடுகிறார் என்று கொள்வோம். பட்டறைக் கணக்கு: சம்பளத்தில் பாதியை, வயதுக்குரிய காரணியான 207.98-ஆல் பெருக்க வேண்டும், 15,59,850 ரூபாய். சாலைக் கணக்கு: ஆண்டுச் சம்பளத்தோடு வருங்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டி, அவருடைய சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கைக் கழித்து, 17-ஆல் பெருக்க வேண்டும், 28,56,000 ரூபாய். கிட்டத்தட்ட இரு மடங்கு. ஆனால் பாதித் தப்பு இறந்தவர் மேல் என்று தீர்ந்தால் சாலைத் தொகை 14,28,000-க்கு இறங்கி, பட்டறைத் தொகைக்கும் கீழே போய்விடுகிறது. ஈமச்செலவு போன்ற சிறு தலைப்புகளை விட்டுவிட்டேன்; அவை இந்தக் கதையைப் பெரிதாக மாற்றுவதில்லை.

உறுப்பை அளப்பதிலும் இதே பேதம் இருப்பதாகத்தான் நினைப்போம். பட்டறைச் சட்டத்தின் அட்டவணை, கட்டைவிரலுக்கு 30 சதவீதம், ஆள்காட்டி விரலுக்கு 14 என்று விலைப்பட்டியல்போல் நீள்கிறது. சாலைத் தீர்ப்பாயமோ அந்த ஆள் என்ன வேலை செய்தார் என்று விசாரிக்கிறது. 2010-இல் உச்ச நீதிமன்றம் இதை விளக்க இடது கையை உதாரணம் காட்டியது: அரசு எழுத்தருக்கு அது போனாலும் வேலை போகாது, தச்சருக்கு எல்லாமே போய்விடும். ஆனால் பட்டறைச் சட்டத்தின் கீழ் 1975 டிசம்பரில் வந்த தீர்ப்பைப் புரட்டினால் அங்கும் ஒரு தச்சர் நிற்கிறார்! திரையரங்கு ஒன்றில் அலங்கார வேலை செய்கையில் விழுந்து, இடது கையை முழங்கைக்கு மேலே இழந்தவர். அவருக்கு 100 சதவீத இழப்பு என்ற ஆணையரின் முடிவை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அட்டவணையின் இரும்புச் சட்டகத்தைத் தச்சரின் கை அப்போதே வளைத்திருக்கிறது.

சாலைக்கும் பட்டறைக்கும் உள்ள இந்த உறவு இன்னும் பழையது. 1809-இல் இங்கிலாந்தில் சாலையின் குறுக்கே கிடந்த கம்பத்தில் குதிரையை வேகமாக விட்டு மோதியவருக்கு, சொந்தக் கவனக்குறைவைக் காட்டி எதுவும் தரவில்லை. 1837-இல் அதிகச் சுமை ஏற்றிய கசாப்புக்காரரின் வண்டி உடைந்து, அதில் போன வேலையாளுக்குத் தொடை எலும்பு முறிந்தது; அவருக்கும் ஒன்றுமில்லை. இந்த இரு தீர்ப்புகளிலிருந்து கிளைத்த விதிகள்தாம் ஆலை முதலாளிகளுக்குப் பல பத்தாண்டுகள் கேடயமாயின. பட்டறையின் இந்தப் பழைய எதிர்வாதங்கள் இரண்டுமே பிறந்த இடம் சாலைதான். இந்தியாவில் அந்தக் கேடயத்தைத் துளைத்தது 1923-இன் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். இப்போது அது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் குடியேறியிருக்கிறது.

பிறந்த இடத்துக்கே வழக்கு திரும்பியும் வந்திருக்கிறது. கேரளத்தில் ஆலைக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் சைக்கிளில் லாரி மோதிக் காயமடைந்தவருக்கு, அது வேலை விபத்தல்ல என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் கையை விரித்தது. 2010-இல் இ.எஸ்.ஐ. சட்டம் திருத்தப்பட்டு, வேலைக்குப் போகும் வழியும் உள்ளே வந்தது. அதே விளக்கத்தை 2025 ஜூலையில் நீதிமன்றம் 1923-இன் சட்டத்துக்கும் நீட்டியது.

ஆகவே இ.எஸ்.ஐ.க்கு வெளியே உள்ள ஒப்பந்தத் தொழிலாளி ராயக்கோட்டைச் சாலையில் லாரியில் அடிபட்டால், வேலையோடு தொடர்பு காட்ட முடிகிற பட்சத்தில், இரண்டு வாசலும் திறந்திருக்கின்றன. மோட்டார் வாகனச் சட்டத்தின் 167-ஆம் பிரிவு ஒன்றில்தான் நுழைய விடும். தன்மேல் தப்பில்லாதவர் சாலை வாசலுக்குப் போவார். சந்தேகம் உள்ளவருக்குப் பட்டறை வாசலே லாபம். அப்படிப் போனால் சாலையில் இல்லாத கம்பெனி பணம் கட்டும், மோதிய லாரி தன் வழியே போய்விடும். ஆனால் கட்டியதை லாரித் தரப்பிடம் வசூலிக்கக் கம்பெனிக்கு உரிமை உண்டு. அந்த வழக்கில் நீதிபதி கேட்கும் முதல் கேள்வி, தொழிலாளியிடம் யாரும் கேட்காமல் விட்ட அதே கேள்வி: யார் மேல் தப்பு?