குதிரையை விடுவித்த ரிச்மண்ட் டிராம்

1872இல் அமெரிக்க நகரங்களில் குதிரைகளிடையே ஒருவகைச் சளிக்காய்ச்சல் பரவியது. டிராம் வண்டிகள் நின்றன. கடைகளுக்குச் சரக்கு வரவில்லை. வணிகம் முழுவதும் குதிரையின் உடல்நலத்தை நம்பியிருந்தது அப்போதுதான் புலனாயிற்று.

ஜெர்மனியில் 1881இலேயே மின் டிராம் ஓடியது. ஆனால் ஒரு நகரம் முழுவதற்கும் அது ஈடுகொடுக்கும் என்று காட்டியவர் பிராங்க் ஸ்பிரேக். கடற்படையில் பணியாற்றிப் பின் எடிசனிடம் சிறிது காலம் இருந்தவர். வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்டில் 40 வண்டிகளை ஓட்ட ஒப்புக்கொண்டார். துணிச்சல்தான்! அங்கே சில இடங்களில் 100 அடிக்கு 10 அடி ஏற்றம்.

மோட்டாரை வண்டித் தளத்தில் பொருத்தினால் குலுக்கலில் பற்சக்கரங்கள் விலகும். எனவே அதன் ஒரு புறத்தைச் சக்கர அச்சிலேயே ஏற்றி, மறுபுறத்தை வில்சுருளில் தொங்கவிட்டார். அச்சு எப்படி ஆடினாலும் பற்கள் பிரியவில்லை. மேல்கம்பி வழியே வந்த மின்னோட்டம் தண்டவாளம் வழியே திரும்பிற்று. 1888 பிப்ரவரி 2 அன்று முறையான ஓட்டம் தொடங்கியது.

பாஸ்டன் டிராம் கம்பெனித் தலைவர் ஹென்றி விட்னி பார்வையிட வந்தார். பல வண்டிகள் சேர்ந்து புறப்பட்டால் மின்னழுத்தம் வீழ்ந்துவிடாதா என்ற ஐயம் எழுந்தது. நியாயமான ஐயமே. ஸ்பிரேக் ஓர் இரவு 22 வண்டிகளை ஒரே இடத்தில் நிறுத்தி, அடுத்தடுத்துக் கிளப்பினார். விளக்குகள் மங்கின, வண்டிகளோ நகர்ந்தன. பாஸ்டன் மின்சாரத்துக்கு மாறியது.

அதன்பின் பாஸ்டனின் குடியிருப்புகள் ராக்ஸ்பரி, டார்செஸ்டர் பக்கம் வேகமாகப் பரவின. கடைவீதியை ஒட்டிய டிரிமாண்ட் தெருவில் டிராம்கள் நெருக்கியடித்து நின்றன. 1897இல் அங்கே சுரங்கப்பாதை திறந்தார்கள். ரிச்மண்டில் 1949இல் டிராம் நின்றுபோயிற்று. பாஸ்டனின் சுரங்கத்தில் இன்றும் ஓடுகிறது.