வழிநூல் எழுதும் வகுப்பறை: படைப்பாக்க ஒப்படைப்பும் அதன் பின்குறிப்பும்

மனோன்மணீயம் 1891இல் அச்சேறியது. அதை எழுதிய பெ. சுந்தரம் பிள்ளை அப்போது திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில், அதாவது இன்றைய யூனிவர்சிட்டி கல்லூரியில், தத்துவப் பேராசிரியர். கதை அவருடையதன்று. லிட்டன் பிரபு 1866இல் வெளியிட்ட தொகுப்பு ஒன்றிலுள்ள 'இரகசிய வழி' என்னும் ஆங்கிலக் கதைப்பாடலே அதன் மூலம். சித்திய நாட்டு அரசன் மகளைப் பிள்ளை பாண்டியன் மகளாக்கினார். பகையைச் சேரனுக்கும் பாண்டியனுக்கும் இடையே வைத்தார். பகைக்குக் காரணமாக நாஞ்சில் நாட்டு உரிமையைக் கொண்டுவந்தார். சேரன் அரண்மனையைத் தாம் வாழ்ந்த திருவனந்தபுரத்திலேயே அமைத்தார். உள்ளே வரும் சிவகாமி சரிதமும் கோல்ட்ஸ்மித்தின் துறவி பற்றிய கதைப்பாடலைத் தழுவியது. நூலைத் தம் தத்துவ ஆசிரியர் ராபர்ட் ஹார்விக்கு உரிமையாக்கினார்.

படித்த ஒரு பனுவலை எடுத்து, அதன் எலும்புக்கூட்டை வைத்துக்கொண்டு, தன் மண்ணுக்கும் மொழிக்கும் ஏற்ப வேறொன்று செய்து, கற்பித்தவர் கையில் கொடுப்பது: இன்று இலக்கிய வகுப்புகளில் 'படைப்பாக்க ஒப்படைப்பு' என்று நாம் கேட்பது இதைத்தான். மாணவர்கள் 'கிரியேட்டிவ் அசைன்மென்ட்' என்பார்கள். ஆசிரியர் அறையில் அதற்கு 'இன்டர்னலுக்கு ஒன்று' என்று பெயர். இந்த அலட்சியம் தவறு என்பது என் வாதம். படைப்பாக்க ஒப்படைப்பு மாணவரின் கற்பனை வளத்தைச் சோதிப்பதற்கானது அன்று. அது ஒரு வாசிப்பு, உரையெழுதுவதற்கு உடன்பிறந்தது. அதனால் மதிப்பெண்ணின் பெரும்பங்கு படைப்புக்கு அல்லாமல், அந்தப் படைப்பைப் பற்றி மாணவர் எழுதும் பின்குறிப்புக்கே போக வேண்டும்.

தமிழ் மரபுக்கு இது புதிதன்று. தொல்காப்பிய மரபியல் நூலை முதல்நூல், வழிநூல் என்று பிரித்து, வழிநூலுக்குத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்கு வகை சொல்கிறது. இவை நான்கும் மூலநூலோடு ஒருவர் கொள்ளும் உறவின் வகைகள். எதைச் சுருக்கினாய், எதை விரித்தாய், எங்கிருந்து கொண்டுவந்தாய் என்று கேட்க முடிந்தால்தான் ஒன்றை வழிநூல் என்று சொல்ல முடியும். மூலத்தை அறியாதவர் வழிநூல் செய்ய இயலாது.

அவையில் நடந்த சோதனைகளுக்கும் கறாரான வரம்புகள் இருந்தன. அன்று திருவிதாங்கூருக்குள் இருந்த கோட்டாற்றின் செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்தார். அவதானத்தில் யாரோ ஈற்றடி கொடுப்பார். அதற்குப் பொருந்த வெண்பா முடிய வேண்டும். மனோன்மணீயம் வந்த அதே 1891இல் கோட்டயத்தில் கூடிய கவிசமாஜத்தில் கொடுங்ஙல்லூர் குஞ்ஞிக்குட்டன் தம்புரான் சில மணி நேரத்திலேயே ஒரு நாடகத்தை எழுதி முடித்தார். இவற்றில் பலவும் வித்தை காட்டல்தான். இலக்கியமாக நின்றவை குறைவு. ஆனாலும் கொடுத்தவருக்குத் தாம் எதை அளக்கிறோம் என்பது தெரிந்திருந்தது. நினைவாற்றல், யாப்புப் பயிற்சி, விரைவு என்று அளவுகோல் வெளிப்படையாக இருந்தது. நம் ஒப்படைப்புகளில் காணாமல் போயிருப்பது இந்த அளவுகோல்.

கேரளத்தில் நான்காண்டு இளங்கலைப் படிப்பு 2024 ஜூலையில் தொடங்கியபோது அகமதிப்பீட்டுக்கு 30 விழுக்காடு, இறுதித் தேர்வுக்கு 70 விழுக்காடு என்று ஆயிற்று. முன்பிருந்த 20-80 கணக்கோடு ஒப்பிட்டால் ஆசிரியர் கையில் இப்போது கூடுதல் அதிகாரம் இருக்கிறது. அந்த இடத்தை நிரப்பப் படைப்பாக்கப் பணி வசதியாக வந்து சேர்ந்தது. ஆனால் நம்மிடம் வரும் மாணவர்களுக்கு அது ஏற்கெனவே பழகிச் சலித்த ஒன்று. 2007ஆம் ஆண்டுக் கலைத்திட்டச் சட்டகத்துக்குப் பிறகு கேரளப் பள்ளிகளில் வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். கதாபாத்திரத்தின் நாட்குறிப்பை எழுதுக, நண்பனுக்குக் கடிதம் எழுதுக, நிகழ்ச்சிக்கு அறிவிப்பு எழுதுக என்ற வினாக்களை எஸ்.எஸ்.எல்.சி. வரை எழுதித் தள்ளியவர்கள். நாட்குறிப்பு என்றால் 'இன்று என் வாழ்வில் மறக்க முடியாத நாள்' என்று தொடங்கித் 'தூக்கம் வரவில்லை' என்று முடிக்கக் கை தானாகப் போகும். எந்தக் கதைக்கும் பொருந்தும் அந்த நாட்குறிப்பு எந்தக் கதையையும் படித்ததற்குச் சான்றாகாது.

ஆகவே 'மாதவியின் நாட்குறிப்பை எழுதுக' என்பது செத்த வினா. சிலப்பதிகாரமே அதைவிடக் கூர்மையான வினாவை வைத்திருக்கிறது.

மாதவி கோவலனுக்கு இருமுறை எழுதுகிறாள். முதல் மடல் வேனிற்காதையில். தாழையின் வெண்தோட்டில், பிச்சியின் மொட்டை எழுத்தாணியாகக் கொண்டு, செம்பஞ்சுக் குழம்பு தொட்டு எழுதி வசந்தமாலையிடம் அனுப்புகிறாள். கோவலன் வாங்க மறுக்கிறான். இரண்டாவது புறஞ்சேரி இறுத்த காதையில், கௌசிகன் கையில் வருவது. அதில் அலங்காரம் ஏதுமில்லை. மண் இலச்சினையில் அவள் கூந்தலின் பதிவு இருக்கிறது. உடன் வாழ்ந்த காலத்து நெய்மணம் அதில் எழுந்து, யாருடைய ஓலை என்பதைக் கோவலனுக்குப் பிரிக்கும் முன்பே சொல்லிவிடுகிறது. படித்தவன் அவள்மீது பிழையில்லை என்று தெளிகிறான். பிறகு செய்வதுதான் வியப்பு. இந்த வாசகம் என் பெற்றோருக்கும் பொருந்தும், அவர்களிடம் காட்டு என்று அதே ஓலையைக் கௌசிகனிடமே திருப்பித் தருகிறான். காதலி எழுதிய மடல் மகன் எழுதிய மடலாக மாறிப் புகாருக்குத் திரும்புகிறது. அது வீட்டில் படிக்கப்பட்ட காட்சியை இளங்கோ எழுதவில்லை.

வகுப்பில் கொடுக்க வேண்டியது அந்த எழுதப்படாத காட்சியை. நான் அப்படிக் கொடுத்தபோது வந்த இரண்டு ஒப்படைப்புகளை ஒப்பிடுவது பயன்தரும். ஒருவர் மாசாத்துவானை அழவைத்து, ஊழ்வினையைச் சாடவைத்து, நல்ல எதுகை மோனையோடு இரண்டு பக்கம் எழுதியிருந்தார். படிக்க இனிமை. ஆனால் அந்த ஓலைக்குப் பதிலாக வேறெந்தச் செய்தி வந்திருந்தாலும் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிராது. இன்னொரு மாணவியின் உரைநடை தட்டுத்தடுமாறியது. அதில் தாய் ஓலையைக் கையில் வாங்குகிறாள், மகன் எழுதியது என்று நம்புகிறாள், முகத்தருகே கொண்டுபோகிறாள், நிறுத்திவிடுகிறாள். பின்குறிப்பில் அந்த மாணவி எழுதியது இது: ஓலையிலுள்ள சொற்களை யார் வேண்டுமானாலும் பெரியவர்களுக்கு எழுதலாம், ஆனால் இலச்சினையை மாற்ற முடியாது, கோவலன் அதை மறந்துவிட்டான். கோவலனின் அந்த மறதியைக் குறித்து இவ்வளவு நெருக்கமாக எழுதப்பட்ட ஒரு பத்தியை நான் தேர்வுத்தாளில் கண்டதில்லை. முதலாமவருக்கு நடை உண்டு. இரண்டாமவருக்கு வாசிப்பு உண்டு. இலக்கிய வகுப்பு எதற்கு மதிப்பெண் தர வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

திருவனந்தபுரத்து மாணவருக்கு இந்த வகை மறுஎழுத்து காதில் விழுந்து பழகியதுதான். ஆற்றுக்கால் பகவதி கோயிலில் கும்ப மாதத்து விழாவின் பத்து நாளும் தோற்றம்பாட்டாகப் பாடப்படுவது கண்ணகியின் கதை. பாண்டியன் வதம் பாடி முடிந்ததும்தான் ஒன்பதாம் நாள் பொங்காலை அடுப்பில் தீ மூட்டப்படுகிறது. பாட்டில் கணவன் கொல்லப்படும் ஏழாம் நாள் நடை திறக்கத் தாமதமாகும். தேவி கயிலைக்குச் சென்று வரம் பெற்று அவனை உயிர்ப்பித்து விடுகிறாள். சிலம்பைப் படித்தவர் இதை வாய்மொழி மரபின் பிறழ்ச்சி என்று தள்ளிவிடலாம். ஊர்சூழ்வரியைத் திரும்பப் பார்த்தால் அவசரப்பட்டது தெரியும். அங்கே வெட்டுண்ட கோவலன் எழுந்து, கண்ணகியின் கண்ணீரைக் கையால் துடைத்து, நீ இங்கிரு என்று சொல்லி வானேறுகிறான். ஒரு கணம் உயிர்த்து மறையும் அந்த இடத்தைத்தான் தோற்றம்பாட்டு விரித்திருக்கிறது என்று கொள்ள இடமுண்டு. காப்பியத்திலிருந்து பாட்டுக்கு வந்ததா, பாட்டு மரபிலிருந்து காப்பியத்துக்குப் போனதா என்பது வேறு வழக்கு. எந்தத் திசையில் போனாலும் விரிவு நடந்திருப்பது மூலம் தளர்த்தி விட்ட இடத்தில். நல்ல ஒப்படைப்பும் அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதிலேயே பிறக்கிறது.

மேலைக் கல்வியுலகில் இரண்டு வழிகள் உண்டு. 1936இல் அயோவா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய எழுத்துப் பட்டறை எழுத்தாளரை உருவாக்க நினைத்தது. அங்கே மேசைமேல் கிடப்பது மாணவரின் பிரதி மட்டும். ராப் போப் 1995இல் எழுதிய 'பனுவல் இடையீடு' என்ற நூல் வேறு வழி காட்டியது: மூலத்தில் ஒன்றை மாற்று, மாற்றியதால் என்ன குலைந்தது என்று பார், அந்தக் குலைவு மூலத்தைப் பற்றி என்ன சொல்கிறது என்று எழுது. நம் பாடத்திட்டங்கள் அயோவாவின் பெயரைச் சொல்லிப் பணியைக் கொடுத்து, இரண்டையும் செய்யாமல் விடுகின்றன. பட்டறை நடத்த நமக்கு நேரமில்லை. அறுபது பேர் இருக்கும் வகுப்பில் அது நடக்கவும் நடக்காது. இடையீடு செய்ய முடியும்.

எதிர்வாதங்களில் கனமானது ஒன்று உண்டு. பின்குறிப்புக்கு மதிப்பெண் என்றால் விளக்கத் தெரிந்தவர் வெல்வார், எழுதத் தெரிந்தவர் தோற்பார். நகுலன் இதே ஊரில் மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர். தன் கவிதைக்குப் பின்குறிப்பு எழுதச் சொன்னால் அவர் இன்னொரு கவிதையைத்தான் நீட்டியிருப்பார் என்று நினைக்கிறேன். இந்த வாதத்தை முழுதாக மறுக்க முடியாது. ஆனால் பின்குறிப்பு எழுத்திலேயே இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? ஐந்து நிமிடம் நேரில் பேசட்டும்; வீட்டுத் தமிழிலோ மலையாளத்திலோ பேசட்டும். தன் தேர்வைச் சொல்லத் தெரியாதவர் மிகச் சிலர். அதை மேடைத்தமிழில் சொல்லத் தெரியாதவர்தான் பலர்.

மொழி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே தமிழ் படிக்கும் பிள்ளையின் வாக்கியத்தில் மலையாளம் கலந்தே வரும். சிவப்பு மையால் அதைச் சுழிக்கும் நாமே ஆ. மாதவனின் கடைத்தெருக் கதைகளில் சாலைக் கடைவீதியின் கலப்புப் பேச்சை வட்டார வளம் என்று பாராட்டிக் கட்டுரை வாசிக்கிறோம். அச்சில் வந்தால் வளம், ஒப்படைப்பில் வந்தால் பிழை என்பது நேர்மையில்லை. புகார் வீட்டுத் தாய் எந்தத் தமிழில் பேசினாள் என்ற கேள்விக்கு மாணவர் ஒரு முடிவெடுத்து, அந்த முடிவைக் காரணத்தோடு சொன்னால் போதும்.

சாட்ஜிபிடி எழுதிக் கொடுத்துவிடுமே என்ற கவலையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பொதுவாகக் கேட்டால் பொதுவாக எழுதித் தரும். மாதவியின் இரண்டாம் ஓலையில் மண்ணிலச்சினையை வைத்து நீ ஏன் இதைச் செய்தாய் என்று நேரில் கேட்டால் பிள்ளை தானே பதில் சொல்லியாக வேண்டும்.

இந்த ஊரின் தமிழ்ப் படைப்பு வரலாற்றில் தமிழ் வகுப்பறைக்குச் சங்கடமான ஒரு செய்தி இருக்கிறது. சுந்தரம் பிள்ளை கற்பித்தது தத்துவம். நகுலன் கற்பித்தது ஆங்கிலம். மாதவன் சாலையில் கடை வைத்திருந்தார். 'தலைமுறைக'ளையும் 'பள்ளிகொண்டபுர'த்தையும் எழுதிய நீல பத்மநாபன் மின்வாரியப் பொறியாளராக இருந்தார். இவர்களில் ஒருவருக்கும் தமிழ் கற்பிப்பது தொழிலன்று. ஒப்படைப்புகளால் இனி எழுத்தாளர்கள் தோன்றுவார்கள் என்று நான் வாதிடவில்லை. அந்த ஆசையை வைத்து அவற்றை மதிப்பிடுவதும் வீண். வகுப்பறையின் கடன் வாசகரை உருவாக்குவது.

பாடத்திட்டக் குழுக்களுக்கு என் கோரிக்கை சிறியது. 'படைப்பாக்கப் பணி' என்று ஒற்றை வரியில் எழுதி விட்டுவிடாதீர்கள். மூலநூலின் குறிப்பிட்ட ஓர் இடத்தைச் சுட்டி வினா அமைய வேண்டும் என்றும், பத்து மதிப்பெண்ணில் நான்கு படைப்புக்கு, ஆறு எழுத்திலோ பேச்சிலோ தரப்படும் பின்குறிப்புக்கு என்றும் அச்சிட்டுத் தாருங்கள். இதற்குப் புதிய நிதியோ புதிய ஆசிரியர் பணியிடமோ தேவையில்லை.