ஆலை இல்லாத ஊருக்கு மாசு எப்படி வந்துச்சு?

1/ "எங்க ஊர்ல ஆலையே கிடையாதே டாக்டர், மாசு எங்கிருந்து வருது?" டெல்டாக்காரங்க அடிக்கடி கேக்கறது. பதில் 1960-களில் இருக்கு.

2/ நாடே அரிசிக்குத் தவிச்ச காலம். தீவிர வேளாண் திட்டத்துக்குத் தஞ்சாவூரைத் தேர்ந்தெடுத்தாங்க. ஆடுதுறையில உருவான ஏடிடி-27 நெல் வந்துச்சு; கூடவே ரசாயன உரம், பூச்சிமருந்து. விளைச்சல் கூடுச்சு, அது உண்மை.

3/ ஆனா அடிச்ச மருந்து பயிரோட நிக்கல. வயல்ல இருந்து வடிகால், அங்கிருந்து குளம்னு இறங்குச்சு.

4/ எண்டோசல்ஃபானை 2011-ல் உச்ச நீதிமன்றம் தடை செஞ்சுது. ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் இன்னும் விக்குது. பூச்சியோட நரம்பை முடக்கற அதே விஷம், தோல் வழியாவும் நம்ம உடம்புல ஏறும்.

5/ மருந்தடிச்சவருக்கு வேர்த்துக் கொட்டி, எச்சில் வழிஞ்சு, மூச்சு வாங்கினா தாமதிக்காதீங்க. துணியை மாத்தி, சோப்பு போட்டுக் கழுவி, உடனே ஜி.ஹெச். அந்த மருந்து டப்பாவையும் மறக்காம எடுத்துட்டு வாங்க.