மெல்லிய வளையமும் ரோபோவின் பிடியும்: ஜொகூர்ப் பட்டறைகளில் எந்த ஆள் பற்றாக்குறை?

ஜொகூரின் நுண்துல்லியப் பட்டறைகளில் ரோபோ எதற்கு என்று கேட்டால், ஆள் கிடைக்கவில்லை என்ற பதில்தான் வரும். பதில் சரி, எந்த ஆள் என்பதில்தான் சிக்கல். செனாய், தெப்ராவ், பாசிர் கூடாங் வட்டாரங்களில் இருவகை ஆள்களுக்குத் தட்டுப்பாடு. சிஎன்சி இயந்திரத்தில் பொருளை வைத்து எடுக்கும் ஆப்பரேட்டர் ஒருவர். இந்த வேலை வெளிநாட்டுத் தொழிலாளரைப் பெரிதும் நம்பியிருக்க, 12ஆம் மலேசியத் திட்டமோ மொத்தத் தொழிலாளரில் அவர்கள் பங்குக்கு 15 விழுக்காடு என்று உச்சவரம்பு வைத்தது. மற்றவர், பொருளை எப்படிப் பிடிப்பது, எந்த வரிசையில் வெட்டுவது என்று தீர்மானிக்கும் செட்டர். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கும்போது அவர் கடற்பாலத்தைத் தாண்டிப் போய்விடுகிறார். ரோபோ முதலாமவரின் இடத்தை நிரப்பும். இரண்டாமவரின் தேவையையோ கூட்டிவிடும். எளிதில் நெளியும் மெல்லிய பாகங்களில் இது பளிச்சென்று தெரியும்.

சுவர் ஒன்றரை மில்லிமீட்டரே உள்ள ஓர் அலுமினிய வளையத்தை எடுத்துக்கொள்வோம். பொருளைப் பிடிக்கும் மூன்று தாடைச் சக்கில் இறுக்கினால் அது மூன்று இடங்களில் உள்வாங்கும். அந்த நிலையிலேயே உட்துளையைக் கடைந்தால் துளை சுத்த வட்டமாக வரும். சக்கைத் தளர்த்தியதும் வளையம் தன் இயல்பு நிலைக்குத் திரும்ப, துளை மும்மூலைச் சாயல் கொண்டுவிடும். விஷமம் இதற்குப் பிறகுதான். இருமுனை அளவியால் எந்தத் திசையில் அளந்தாலும் விட்டம் ஏறக்குறைய ஒன்றாகவே காட்டும்; ஒரு மேட்டுக்கு நேரெதிரே ஒரு பள்ளம் இருப்பதே காரணம். ரோபோ வரிசையில் வைத்த தானியங்கி அளவியும் இருமுனையாக இருந்துவிட்டால், பழுதான வளையங்கள் பச்சை விளக்கோடு பெட்டிக்குள் போகும். மும்முனை போர் கேஜை உள்ளே விட்டு மெல்லத் திருப்பினால்தான் முள் ஆடும்.

இதில் ரோபோவின் கை குற்றவாளி அல்ல, கோளாறு பிடிப்பில். அனுபவமுள்ள செட்டர், மென்தாடைகளை வளையத்தின் வெளிவிட்டத்துக்கே கடைந்து, சுற்றளவு முழுதும் அணைத்துப் பிடிக்கச் செய்வார். கடைசி வெட்டுக்கு முன் சக்கின் அழுத்தத்தைக் குறைப்பார். சில வேளை சுவரை இறுக்குவதையே விட்டுவிட்டு முகப்பில் அழுத்திப் பிடிப்பார்.

வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. 100 மில்லிமீட்டர் அலுமினியம் 5 பாகை சூடேறினால் சுமார் 11 மைக்ரான் விரியும். அளவீட்டுக்கு உலகம் ஏற்ற வெப்பநிலை 20 பாகை செல்சியஸ். ஜொகூரின் பிற்பகல் 30ஐத் தாண்டும். ஏசி இல்லாத மூலையிலிருந்து ரோபோ எடுத்துவரும் மூலப்பொருளே பாதி டாலரன்ஸைத் தின்றுவிடலாம். இன்னொன்று, ஆப்பரேட்டர் பொருளை வைக்குமுன் தாடையின் இருக்கையை விரலால் ஒருமுறை தடவிவிடுவார். வேலைக் குறிப்பில் இது எங்கும் இராது. ரோபோவுக்கோ அங்கே காற்று பீய்ச்சவும் வேண்டும்; பொருள் சரியாக அமர்ந்ததா என்று காற்றழுத்தத்தால் அறியும் சென்சாரும் வேண்டும். இல்லையேல் 0.05 மில்லிமீட்டர் சீவல் ஒன்று முழு ஷிப்டையும் கெடுக்கும்.

விசை உணரும் சென்சார் கொண்ட புதிய ரோபோக்கள் வந்துவிட்டனவே என்று ஆட்சேபிக்கலாம். அவை விசையை அளக்கும். இந்த வளையத்துக்கு எவ்வளவு விசை தகும் என்பதை யாரேனும் சொல்லித்தான் ஆகவேண்டும். 1961இல் நியூ ஜெர்சியின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் பணிக்கு வந்த முதல் யூனிமேட் ரோபோ, அச்சு வார்ப்பில் வந்த சூடான பாகங்களைத் தூக்கியது. கடைசல் வேலையில் ரோபோவின் முதன்மைப் பணி இன்றும் தூக்கி வைப்பதுதான். வெட்டுளியை அதன் கையிலேயே கொடுத்தால், மில்லிங் இயந்திரத்தின் விறைப்பு அதற்கு இல்லாததால் அதிர்வு வந்து சேரும். மாறாக, 1970களின் தொடக்கத்தில் கான்கார்ட் விமான எஞ்சினின் சிறு குழாய்களை அளக்க முடியாமல் திணறியபோதுதான் பொறியாளர் டேவிட் மக்மர்ட்ரி, பொருளைத் தொட்டு அளக்கும் தொடு-உணர் முனையை உருவாக்கினார். ஆளில்லா எந்திரவேலைக்கு எந்த ரோபோக் கையையும்விட அந்த முனை அதிகம் உதவியிருக்கிறது என்பேன்.

2018 அக்டோபரில் மலேசியா அறிவித்த இண்டஸ்ட்ரி4வேர்ட் கொள்கையை ஒட்டி வந்த நிதி, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு 70க்கு 30 என்ற பங்கில் 5 லட்சம் ரிங்கிட் வரை வழங்கியது. இத்தகைய மானியங்களுக்கான விண்ணப்பத்தில் ரோபோவின் விலையோடு பிடிகருவி, அளவி, செட்டர் பயிற்சி ஆகியவற்றின் செலவையும் தனித்தனியே கேட்க வேண்டும். பயிற்சிக்குப் பாசிர் கூடாங்கிலும் பத்து பஹாட்டிலும் அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள் உள்ளூரிலேயே இருக்கின்றன. பயிற்சி பெற்றவர் தங்குவாரா என்பது வேறு கேள்வி. ஜொகூரின் புக்கிட் சாகாரிலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த் வரை ஒரு திசையில் மணிக்கு 10,000 பேரை ஏற்றிச்செல்ல வடிவமைத்த ஆர்டிஎஸ் ரயில் ஓடத் தொடங்கினால், எல்லை தாண்டும் செட்டரின் ரயில் பயணம் சுமார் ஐந்து நிமிடமாகிவிடும். ஆப்பரேட்டர் சம்பளத்தை மட்டும் மிச்சமாகக் காட்டும் முதலீட்டுக் கணக்கில், செட்டருக்குத் தரவேண்டிய கூடுதல் சம்பளம் செலவாக ஏறியாக வேண்டும். ஏறினால், சில பட்டறைகளுக்கு ரோபோ இன்னும் கட்டுப்படியாகாது என்ற விடையும் வரக்கூடும்.