குப்பைமேட்டுக்குப் போகக் கூடாத குப்பை: கொலன்னாவை தரும் பாடமும் நமது வீட்டு இலத்திரனியல் கழிவும்

2017ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாள். கொலன்னாவைப் பகுதியில் உள்ள மீதொட்டமுல்லையில் பெரும் குப்பைமேடு சரிந்து அருகில் இருந்த வீடுகளை மூடியது. புத்தாண்டுப் பலகாரத்துடன் வீட்டில் இருந்தவர்கள் உட்பட 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் சிறுவர்களும் அடங்குவர்.

அந்தக் குப்பை கொலன்னாவை மக்களுடையது மட்டுமல்ல. அதற்கு முன்னர் கொழும்பு நகரின் கழிவுகள் கொட்டாஞ்சேனைக்கு அருகில் உள்ள புளூமெண்டல் குப்பைமேட்டில் கொட்டப்பட்டு வந்தன. 2009இல் அது மூடப்பட்டதும் குப்பை லொறிகள் மீதொட்டமுல்லைப் பக்கம் திரும்பின. தற்காலிக ஏற்பாடு என்று தொடங்கியது ஆண்டுக்கணக்கில் நீடித்து மலையாக வளர்ந்தது. வெள்ளவத்தை அடுக்குமாடிகளில் இருந்தும் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் இருந்தும் போனவை எல்லாம் அங்கேதான் குவிந்தன. சரிவுக்குப் பின்னர் கொழும்பின் குப்பை கெரவலப்பிட்டிக்கும் புத்தளம் அருவக்காட்டுக்கும் போனது. வீட்டு வாசலைத் தாண்டிய குப்பை எங்கும் மறைந்து போவதில்லை, இன்னொருவரின் வீட்டு வாசலுக்குத்தான் போகின்றது.

மீதொட்டமுல்லையில் சரிந்தது பெரும்பாலும் சமையலறைக் கழிவு. ஆனால், தரம் பிரிக்காமல் வீசும் அதே பழக்கத்தால் இன்று இன்னொரு வகைக் குப்பையும் சத்தமின்றிச் சேர்ந்து வருகின்றது. அது சரிந்து விழுந்து உயிர் எடுப்பதில்லை. மண்ணிலும் நீரிலும் இரத்தத்திலும் மெல்ல ஏறுகின்றது.

இலத்திரனியல் கழிவு என்றால் என்ன?

மின்சாரத்திலோ பற்றரியிலோ இயங்கிய எந்தப் பொருளும் பாவனைக்கு உதவாது போனால் இலத்திரனியல் கழிவுதான். பழைய கைத்தொலைபேசி, சார்ஜர், ரிமோட், கணினி, தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி, மின்விசிறி, டோர்ச், சிஎஃப்எல் மின்குமிழ், பிள்ளைகளின் பற்றரி விளையாட்டுப் பொருட்கள் எல்லாம் இதில் அடங்கும்.

2022ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சேர்ந்த இலத்திரனியல் கழிவு சுமார் 62 மில்லியன் தொன் என ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை கூறுகின்றது. அதில் முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதம் மட்டுமே. மீதி வீட்டு அலுமாரியிலும் குப்பைமேட்டிலும் பழைய இரும்புக்கடைகளிலும் கிடக்கின்றது, அல்லது எரிக்கப்படுகின்றது.

உடலுக்குள் போவது எப்படி?

பழைய குண்டுத் தொலைக்காட்சியின் கண்ணாடியில் ஈயம் இருக்கின்றது. சர்க்கிட் பலகையின் பற்றுவைப்பிலும் ஈயம் உண்டு. சிஎஃப்எல் மின்குமிழிலும் ரியூப் லைற்றிலும் பாதரச ஆவி உள்ளது. சில பழைய மீள்மின்னேற்றப் பற்றரிகளில் கட்மியம் உள்ளது. பொருள் முழுதாக இருக்கும் வரை இவை நம்மைத் தீண்டுவதில்லை. உடைக்கும்போதும் எரிக்கும்போதும் மழையில் ஊற விடும்போதும்தான் வெளியே வருகின்றன.

செம்பு எடுப்பதற்காக வயர்களைக் குவித்துக் கொளுத்துவதைப் பல இடங்களில் காணலாம். வயரின் மேலுறை பிவிசி பிளாஸ்ரிக். அது எரியும்போது டயொக்சின் எனும் நச்சு வெளிவருகின்றது. புற்றுநோயை ஏற்படுத்தக்கூடிய இந்த நச்சு உடற்கொழுப்பில் தங்கிப் பல ஆண்டுகள் நீங்காது.

ஈயம் குறிப்பாகப் பிள்ளைகளின் எதிரி. ஒரே அளவு ஈயத்தை விழுங்கினால் சிறு பிள்ளையின் உடல் பெரியவரைவிட நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். மூளை வளர்ச்சி, கற்கும் திறன், கவனம் ஆகியவற்றை அது பாதிக்கின்றது. கர்ப்பிணித் தாயின் இரத்தத்தில் உள்ள ஈயம் வயிற்றில் உள்ள சிசுவுக்கும் போகும். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றும் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

சீனாவின் குய்யூ நகரில் வீட்டுக்கு வீடு பழைய கணினிகளை உடைத்துப் பிரிக்கும் தொழில் நடந்தது. அங்குள்ள சிறு பிள்ளைகளைப் பரிசோதித்து 2007இல் வெளியிடப்பட்ட ஆய்வில், பத்தில் எட்டுப் பிள்ளைகளின் இரத்தத்தில் அன்றைய எச்சரிக்கை அளவைத் தாண்டிய ஈயம் காணப்பட்டது. செனகல் நாட்டின் டக்கார் நகருக்கு அருகில், பழைய வாகனப் பற்றரிகளை உடைத்து ஈயம் எடுத்த ஓர் ஏழைக் குடியிருப்பில் 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 பிள்ளைகள் இறந்தனர். குடும்பத்துக்குச் சோறு போடத்தான் அந்தத் தாய்மார் ஈயம் கலந்த மண்ணைச் சலித்தார்கள்.

வடக்கு, கிழக்கில் ஏன் இன்னும் கவனம் தேவை?

யாழ். குடாநாட்டின் நிலத்தடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றுவது வேகமாகக் கீழே இறங்கும். குடிநீருக்கும் தோட்டத்துக்கும் கிணறுகளையே நம்பி வாழும் மண் அது. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது மக்கள் பட்ட பாட்டை நாம் மறந்திருக்க மாட்டோம். பழைய சூரிய மின்கலத் தொகுதியின் பற்றரியையோ யூபிஎஸ் பற்றரியையோ வளவுக்குள் உடைத்து அமிலத்தை ஊற்றினால், அதில் கரைந்த ஈயமும் அதே வழியில்தான் கிணற்றை நோக்கிப் போகும்.

கொலன்னாவைக்கு வெள்ளம் இன்னொரு ஆபத்து. களனி கங்கை பெருகிய 2016 மே மாதத்தில் அப்பகுதி மோசமாக நீரில் மூழ்கியது. வெள்ளம் வடிந்த பின் பழுதான பொருட்கள் தெருவோரங்களில் குவிவது வழமை. மழையில் கிடக்கும் அந்தக் குவியலில் இருந்து கசிவதும் வாய்க்கால்களில்தான் சேரும்.

நமக்குத் தெரியாத வித்தை அல்ல

பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பற்றரி கிடைக்காமல் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட மக்கள் நாம். தீர்ந்த பற்றரியை வெயிலில் காயவைத்து மீண்டும் பாவித்தோம். ஒரு பொருளின் கடைசித் துளிவரை பயன் எடுப்பது எமக்குப் புதிதல்ல. அன்று வறுமையும் தடையும் கற்றுத் தந்த பழக்கம், இன்று உலகம் தேடும் பழக்கமாக இருக்கின்றது.

பழைய பொருளில் பெறுமதியும் உண்டு. ஒரு தொன் தங்கத் தாதில் பெரும்பாலும் சில கிராம் தங்கமே கிடைக்கும். ஒரு தொன் பழைய கைத்தொலைபேசிகளிலோ 300 கிராம் வரை எடுக்கலாம் என மதிப்பிடப்படுகின்றது. டோக்கியோ ஒலிம்பிக் பதக்கங்கள் அனைத்தும் ஜப்பானிய மக்கள் கையளித்த பழைய இலத்திரனியல் பொருட்களில் இருந்தே செய்யப்பட்டன. அதற்காகச் சுமார் 62 இலட்சம் கைத்தொலைபேசிகள் சேர்ந்தன, 32 கிலோ தங்கம் கிடைத்தது. ஆனால் இது உரிய உலைகளும் புகை வடிகட்டிகளும் உள்ள தொழிற்சாலை வேலை. வீட்டு முற்றத்தில் அமிலம் ஊற்றிச் செய்தால் கிடைக்கும் தங்கத்தைவிட மருந்துச் செலவு பெரிதாகும்.

சட்டம் என்ன சொல்கின்றது?

இலங்கையில் இலத்திரனியல் கழிவு ஆபத்தான கழிவுகளுக்குள் அடங்கும். 2008 பெப்ரவரியில் வெளியான 1534/18 இலக்க அதிவிசேட வர்த்தமானியின்படி, இவற்றைச் சேகரிக்கவும் ஏற்றிச் செல்லவும் மீள்சுழற்சி செய்யவும் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் தேவை. அனுமதி பெற்றவர்கள் பொருட்களைப் பிரித்து, சர்க்கிட் பலகை போன்றவற்றை வெளிநாட்டு ஆலைகளுக்கு அனுப்புகின்றனர். நச்சுக் கழிவுகளை நாடு விட்டு நாடு கொண்டு செல்வதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கையிலும் இலங்கை அங்கம் வகிக்கின்றது.

வீட்டில் செய்யக்கூடியவை

- முதலில் திருத்திப் பாருங்கள். வேலை செய்யும் பழைய பொருளைத் தேவைப்படும் மாணவருக்குக் கொடுக்கலாம்.
- இலத்திரனியல் கழிவுக்கென்று ஒரு பெட்டி வையுங்கள். உக்கும் குப்பையுடனோ பிளாஸ்ரிக்குடனோ கலக்க வேண்டாம்.
- வயர்களை எரிக்க வேண்டாம். பற்றரிகளை உடைக்கவோ அடுப்பில் போடவோ வேண்டாம்.
- வீங்கிய கைத்தொலைபேசிப் பற்றரி தீப்பிடிக்கக்கூடியது. அதைக் குத்தாமல், மின்னேற்றாமல், எரியும் பொருட்களில் இருந்து தள்ளி வையுங்கள்.
- சிஎஃப்எல் மின்குமிழ் உடைந்தால் யன்னல்களைத் திறந்து, பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். தும்புத்தடியால் கூட்டாமல், தடித்த மட்டையால் துண்டுகளை அள்ளி மூடியுள்ள போத்தலில் இடுங்கள்.
- சேர்ந்தவற்றை அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடம் கொடுங்கள். யார் அனுமதி பெற்றவர் என்பதைச் சுற்றாடல் அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்திலோ உள்ளூராட்சிச் சபையிலோ கேட்டறியலாம்.

கையளிக்கும் முன் இன்னொன்று. எமது வீடுகளில் பல பழைய கைத்தொலைபேசிகள் அலுமாரியில் இருப்பதற்குக் காரணம் அலட்சியம் அல்ல. இறந்து போன அல்லது காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் படமோ குரலோ அதற்குள் இருக்கலாம். அவசரப்பட வேண்டாம். நம்பிக்கையான ஒருவரின் உதவியுடன் அவற்றை வேறு இடத்தில், முடிந்தால் இரண்டு இடங்களில், பிரதி எடுத்து வையுங்கள். பழைய பற்றரி வீங்கினால் அந்தத் தொலைபேசி முற்றாகப் பழுதாகலாம் என்பதால், இதைத் தள்ளிப் போடாமல் இருப்பதும் நல்லது. பிரதி எடுத்து, சிம் அட்டையைக் கழற்றி, தகவல்களை அழித்த பின்னர் கொடுக்கலாம். கொடுக்க மனமில்லையா? அந்த ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், மற்றவற்றைக் கொடுங்கள்.

மீதொட்டமுல்லை மக்கள் பல ஆண்டுகளாகக் குப்பைமேட்டை எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். அது கேட்கப்படவில்லை. அடுத்த குப்பைமேடு யாருடைய ஊரில் என்பதைத் தீர்மானிப்பவர்கள் பெரும்பாலும் அந்த ஊரில் வசிப்பதில்லை. அதற்குள் நச்சுப் போகுமா இல்லையா என்பதை ஓரளவுக்காவது தீர்மானிக்கும் இடம் நமது வீடு.