ஃபார்முலா மாருதி: ஒரு சிறிய பந்தயக் காரின் அடையாளம் எதில் இருக்கிறது?

அரிய பந்தயக் கார் ஒன்றின் வரலாற்றைத் தேடுவோர் சேஸிஸ் எண்ணில் தொடங்குவார்கள். கைமாறிய உரிமையாளர்களை வரிசைப்படுத்துவார்கள். முதலில் பூட்டிய எஞ்சின் இன்னும் அதில் இருக்கிறதா என்று பார்த்து மதிப்பிடுவார்கள். சேகரிப்பாளர்களின் இந்த அளவுகோல், கோயம்புத்தூர் எஸ். கரிவரதன் 1988-வாக்கில் உருவாக்கிய ஒற்றை இருக்கை ஃபார்முலா மாருதிக்குப் பொருந்தாது. தேய்ந்தால் கழற்றி வேறொன்றைப் பூட்டலாம் என்பதற்காகவே அதன் எஞ்சினும் கியர்பாக்ஸும் தேர்ந்தெடுக்கப்பட்டன. ஆகவே அதன் அடையாளத்தை உதிரி பாகங்களின் பழமையில் அல்ல, அதைச் செய்த பட்டறைக் கைவினையில் தேட வேண்டும் என்பது என் வாதம்.

1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், செங்குன்றத்துக்கு அப்பால் சோழவரத்தில் இருந்த போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயங்களை நடத்தியது. அங்கே ஒற்றை இருக்கைக் கார் பெரும்பாலும் வசதி படைத்தவர்கள் வெளிநாட்டிலிருந்து தருவித்த பொருள். விஜய் மல்லையா ஓட்டிய என்சைன் இதற்குத் தெரிந்த உதாரணம். அத்தகைய காரில் ஒரு பாகம் உடைந்தால் சுங்கவரியையும் கப்பலையும் எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டும். 1983-இல் வந்த மாருதி 800 இந்த நிலையை மாற்றியது. சாதாரணச் சாலைகளில் ஓடிய அதே 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின்தான் பந்தயக் காருக்கும் உயிர் கொடுத்தது. மாருதி 800-இல் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே தொகுதியாகக் குறுக்குவாட்டில் அமர்ந்து முன்சக்கரங்களை இழுக்கும். அத்தொகுதியை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்தால், அதுவே பின்சக்கரங்களைத் தள்ளும். சொல்வது எளிது. கியர் மாற்றும் தண்டு இருக்கையைக் கடந்து பின்னால் போயாக வேண்டும். எடை முழுவதையும் ஏற்கும் இரும்புக் குழாய்ச் சட்டகத்தைப் புதிதாக வளைத்து, வெட்டி, பற்றவைக்க வேண்டும். நூற்பாலை இயந்திரங்களோடு வளர்ந்த கோவையின் லேத்துகளுக்கும் வெல்டர்களுக்கும் இது கைவந்த வேலை.

இது வெளிநாட்டு யோசனையின் நகல்தானே என்று கேட்கலாம். முன்னோடிகள் உண்டு, மறுப்பதற்கில்லை. 1946-இல் இங்கிலாந்தில் கூப்பர் தந்தையும் மகனும் இரண்டு ஃபியட் கார்களின் முன்பகுதிகளை இணைத்து, மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பின்னால் வைத்து 500 சிசி பந்தயக் கார் செய்தார்கள். பிறகு ஃபோக்ஸ்வாகன் பாகங்களால் ஃபார்முலா வீயும், 1967-இல் ஃபார்முலா ஃபோர்டும் வந்தன. ஆனால் கையில் கிடைக்கும் சாலைக் காரிலிருந்து பந்தயக் கார் செய்வது என்ற கொள்கைதான் பொது. எந்தக் கார் கிடைக்கிறது, யார் பற்றவைக்கிறார்கள் என்பது ஊருக்கு ஊர் வேறு. நகல் என்ற சொல் அந்த உழைப்பை மறைத்துவிடுகிறது. சுமார் 40 குதிரைத்திறன் கொண்டதைப் பந்தயக் கார் என்பதா என்ற ஆட்சேபம் இன்னும் பலவீனமானது. எல்லோருக்கும் ஒரே எஞ்சின் என்றால் வெற்றியைப் பணத்தைவிட ஓட்டும் திறனே தீர்மானிக்கும். எஞ்சின் சிறியது என்பதால் வளைவில் இழந்த வேகத்தை நேர்ப்பாதையில் மீட்க முடியாது. 2005-இல் ஃபார்முலா 1 களம் கண்ட நரேன் கார்த்திகேயன் இந்தக் காரிலும் பந்தயம் ஓட்டியவர்.

கரிவரதன் 1995-இல் சிறுவிமான விபத்தில் இறந்தார். 2003-இல் கோவையில் திறக்கப்பட்ட பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்குகிறது. இன்று ஒரு ஃபார்முலா மாருதி கிடைத்தால் ஆய்வாளர் எஞ்சின் எண்ணைக் கடைசியில் பார்க்கலாம். முதலில் சட்டகத்தின் முன்மூலையைத் தடவிப் பார்க்க வேண்டும். நெளிந்த குழாயை வெட்டி எடுத்து, வேறு கனத்தில் ஒன்றைப் பற்றவைத்திருந்தால், சேகரிப்பாளர் அதைக் குறை என்பார். ஆனால் எந்தப் பக்கம் மோதியது, எவ்வளவு நீளம் நெளிந்தது, எந்தக் கை அதைச் சரிசெய்தது என்பதற்கெல்லாம் அந்தத் தழும்புதான் ஆவணம்.